தப்பான விடைக்கு ஒரு முகம்

1935 பிப்ரவரி 5, செவ்வாய்

வேலூரில் மே மாதம் இப்போதே வந்துவிட்டது. பள்ளியில் என் ஆறாவது பாரத்து வகுப்புப் பெண்களில் பாதிப் பேர் கண் திறந்தபடி தூங்கினார்கள். நானும்தான்.

மாலையில் கல்லூரியிலிருந்து ஆள் வந்தார். "மாசிலாமணி சாரோட படத்தை மண்டபத்துல மாட்டப் போறோம்மா, போட்டோ ஒண்ணு குடுங்க."

மாசிலாமணி சார். கல்யாணமான புதிதில் நானும் அப்படிக் கூப்பிட்டுத்தான் அவரைக் கேலி செய்வேன்.

போட்டோவுக்கு எங்கே போவது? இருப்பது ஒன்றுதான், ஆசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்து எடுத்தது. எல்லாரும் கல்லாகச் சமைந்திருக்க, இவர் மட்டும் சிரித்து அசைந்து, முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாய் ஒரு புகை.

அவர் போய் ஒன்றரை வருடம். கண்ணை மூடினால் குரல் வருகிறது, முகம் வருவதில்லை. ரூபிக்கும் அப்படித்தானா? மகளிடம் கேட்கப் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 10, ஞாயிறு

வாலாஜாபேட்டையிலிருந்து அப்துல் ஹமீத் வந்தார், படம் எழுதுபவர். நாடகத் திரைகளும் எழுதுவாராம். புகையைப் பார்த்துவிட்டு, "கூடப் பொறந்தவங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?" என்றார்.

இருக்கிறாரே! ஆம்பூரில் தோல் பதனிடும் இடத்தில் தரம் பிரிக்கிற தேவசகாயம். அண்ணனின் நெற்றி, அண்ணனின் மூக்கு. அண்ணனின் கோட்டைப் போட்டு உட்கார வைத்தால் முடிந்தது என்கிறார் ஹமீத்.

பிப்ரவரி 17, ஞாயிறு

"அண்ணி, கழுத்தை இறுக்குது. இதைப் போட்டுக்கினு அண்ணன் எப்படித்தான் பாடம் நடத்தினாரோ!"

"பேசாம உக்காருங்க தம்பி."

உட்கார்ந்தார் — கோர்ட்டில் பொய்ச் சாட்சி சொல்ல வந்தவர் போல.

பிப்ரவரி 24, ஞாயிறு

நெற்றி சரி. மூக்கு சரி. கோட்டுப் பொத்தான்கூடச் சரி. ஆனால் ஆள் இல்லை. "சித்தப்பா கலெக்டர் வேஷம் போட்ட மாதிரி இருக்கும்மா" என்றாள் ரூபி.

ஹமீத் கோபிக்கவில்லை. "அவருக்குன்னு ஒரு பார்வை இருந்திருக்கும். எப்ப வரும் அது?"

யோசிக்காமலே வாயில் வந்தது: "யாராவது தப்பா விடை சொன்னா."

உண்மைதான். சரியான விடைக்கு ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். முக்கோணத்தின் கோணங்கள் சேர்ந்தால் முன்னூற்றறுபது என்று எவனாவது சொல்லட்டும் — புருவம் ஏறும், உடம்பு முன்னால் சாயும், பல்லெல்லாம் தெரியும். "பலே! எப்படிடா அங்க போய்ச் சேர்ந்தே? வழியைச் சொல்லு, நானும் வர்றேன்." வீட்டிலும் அப்படியே. ரூபி சர்க்கரைக்குப் பதில் உப்புப் போட்ட காபியைக்கூட அந்த முகத்தோடுதான் குடித்து முடித்தார்.

ஹமீத் பெருமூச்சு விட்டார். தேவசகாயத்துக்குக் கணக்கு வராதே, தப்பு எங்கே தெரியும்?

மார்ச் 3, ஞாயிறு

வயிறு வலிக்க வலிக்கச் சிரித்த நாள்.

ஆராதனை முடிந்து வந்ததும் ஹமீத் படம் எழுதத் தொடங்கினார். தேவசகாயம் அதே பொய்ச் சாட்சி. ரூபி சும்மா கேட்டு வைத்தாள்: "சித்தப்பா, தோலுக்கு உப்புப் போடறது ருசிக்கா?"

புருவம் ஏறியது. உடம்பு முன்னால் சாய்ந்தது. "ருசிக்கா? அட கண்ணு, உனக்கு யார் சொன்னா?"

ஐயோ. அதே முகம்!

"அசையாதீங்க!" என்று கத்தினார் ஹமீத். கொஞ்ச நேரத்தில் முகம் மறுபடி கோர்ட்டுக்குப் போய்விட்டது. "இன்னொண்ணு சொல்லுங்கம்மா, சீக்கிரம்!"

எனக்குத் தப்பாகச் சொல்ல நா எழவில்லை. பி.ஏ. படிப்பு குறுக்கே நின்றது. நல்லவேளை, தேவசகாயத்தின் தோஸ்த் சத்தார் பாய் வந்தார், ஆம்பூர் தோல் வியாபாரி. விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வெள்ளாட்டுத் தோலைவிடச் செம்மறித் தோல்தானேப்பா கெட்டி?"

"இன்னா பாய், நீங்களே இப்படிப் பேசினா வியாபாரம் உருப்பட்டாப்லதான்!"

"நான் எங்கப்பா நடிக்கிறேன்? இவ்ளோ வருஷமா அப்படி நம்பித்தானே வாங்கினு இருக்கேன்!"

கடைசியில் நானும் துணிந்தேன். எருமைத் தோலில் கைக்குட்டை தைக்கலாம் என்றேன். அதற்குத்தான் சிரிப்பு ஜாஸ்தி. ஹமீத் தூரிகையை உதறிவிட்டு, "போதும், ஆள் வந்துட்டார்" என்றார்.

வந்துவிட்டார். நானும் ரூபியும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

மார்ச் 12, செவ்வாய்

கல்லூரிக் கமிட்டித் தலைவர் படத்தைப் பார்க்க வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"பல் தெரியுதேம்மா."

"அவருக்குப் பல் இருந்ததுங்களே."

"விளையாடாதீங்க. மண்டபத்துல மத்தவங்க எல்லாரும் வாயை மூடிக்கிட்டிருக்காங்க. இவர் மட்டும் சிரிச்சா, அவங்களைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி ஆயிடும்."

உயிரோடு இருந்தபோதும் அதைத்தானே செய்தார்! சொல்லவில்லை. வாயை மூடி எழுதினால் மாட்டலாம், இல்லையென்றால் முடியாது என்கிறார். அப்படியானால் படம் என் வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன்.

மார்ச் 13

அவசரப்பட்டுவிட்டேனோ? இத்தனை வருடம் உழைத்தவருக்குக் கல்லூரியில் ஒரு சுவர்கூட இல்லாமல் செய்துவிட்டேனோ? வாயை மூடினால்தான் என்ன? — இல்லை. அந்த மூடின வாய்க்கு முன்னால் எந்தப் பையன் தப்பாகச் சொல்லத் துணிவான்?

மார்ச் 20, புதன்

அவருடைய பழைய மாணவர் வேலு வந்தார். இப்போது அவர் இடத்தில் கணக்கு நடத்துவது இவர்தான். படத்தைப் பார்த்ததும் பையனைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

"மண்டபத்துக்கு வேணாம்னா எங்க வகுப்புக்குக் குடுத்துடுங்கம்மா. பிரின்ஸிபால்கிட்ட நான் கேட்டுக்கறேன்."

மார்ச் 29

பிரின்ஸிபால் சரியென்றுவிட்டார். கரும்பலகைக்கு மேலே. மாட்டுவதைப் பார்க்கத் தேவசகாயமும் வந்தார். வராந்தாவில் எதிரே வந்த இரண்டு பையன்கள் அவரைப் பார்த்து வெலவெலத்துப்போய், "குட் மார்னிங் சார்" என்றார்களாம். இவரும் குட் மார்னிங் சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டார்.

ஜூலை 18, வியாழன்

மாலை வேலு முறையிட வந்தார்.

"பெரிய பேஜாராப் போச்சும்மா. தப்பா ஒரு விடையைச் சொல்லிட்டு ஒருத்தனும் என்னைப் பார்க்கறதில்ல, படத்தைப் பார்க்கறான். அப்புறம் அவனே சிரிச்சுக்கினு, எப்படி அங்க போனேன்னு வழி சொல்ல ஆரம்பிச்சுடறான். முன்னல்லாம் வாயே திறக்காதவன்கூட இப்ப கையத் தூக்கறான். மணி அடிச்சாலும் பாடம் முடிய மாட்டேங்குது."

"அப்ப கழட்டிடலாமா?" என்று கேட்டேன்.

பதறி எழுந்தார் வேலு. கையிலிருந்த காபி முழுக்கச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.