ஐந்தாவது மூடி

மினசோட்டா, ஏரிக்கரை வீடு
மே 10, வெள்ளிக்கிழமை

அன்புள்ள கிர்ஸ்டனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், ஏரியும் பனிக்கட்டி விலகிக் கண் திறந்துவிட்டது. அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் ஒழுங்காகத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று உன் வாயால் கேட்கும்வரை எனக்கு நிம்மதியில்லை. உலகத்தின் அந்தக் கோடியில், டனீடினில் இலை உதிர்கிறது என்று படம் அனுப்பியிருந்தாய். இங்கே இப்போதுதான் பிர்ச் மரங்களில் பச்சையாக ஏதோ தெரிகிறது, கண்ணாடி போட்டுப் பார்த்தால் தளிர், கழற்றினால் புகை, நான் பெரும்பாலும் கழற்றிவிட்டுத்தான் பார்க்கிறேன். எனக்கு வசந்தமும் உனக்கு இலையுதிர்காலமும் ஒரே நாளில் நடப்பதை நினைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றேன் என்றால் கழுவப் போட்ட பாத்திரம் அப்படியே கிடக்கும். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நீ நடுவில் புகுந்து நர்ஸ் குரலில் பேச ஆரம்பித்துவிடுவாய். இது நான் மூச்சு விடாமல் சொல்லி முடிக்கவேண்டிய விஷயம். நான் ஒரு தப்பு செய்துவிட்டேன் கண்ணு, உன் அப்பாவுக்குச் செய்துவிட்டேன்.

பிப்ரவரியில் அப்பாவின் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு நீ போனில் என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? 'எழுபத்தோரு வயசுல படகு கிளப்புற அலை மேல பலகை போட்டு நிக்கிறதெல்லாம் போதும்மா, எப்படியாவது அப்பாவை அந்தப் படகுகிட்ட விடாம பார்த்துக்கோ' என்றாய். உன்னைக் குறை சொல்லவில்லை. அந்த மூன்று வாரமும் அவர் தூங்கும்போது மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே படுத்திருந்தவள் நான். டாக்டர் என்னவோ மெதுவாக எல்லாம் செய்யலாம் என்றுதான் சொன்னார். ஆனால் உன் அப்பாவுக்கும் மெதுவுக்கும் என்ன சம்பந்தம்? பனிக்கட்டி இருக்கும்வரை எனக்குக் கவலையில்லாமல் இருந்தது. மார்ச் முழுக்க அந்த வெள்ளையைப் பார்த்து, இன்னும் கொஞ்ச நாள் இரு, இன்னும் கொஞ்ச நாள் இரு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அது இருக்குமா? ஏப்ரல் கடைசி ஞாயிறு நாங்கள் தேவாலயத்திலிருந்து திரும்பி வரும்போது ஏரி முழுக்க நீலமாகக் கிடந்தது, காலையில் இருந்த கட்டியெல்லாம் காற்றில் எதிர்க்கரைக்குப் போய்ச் சில்லுச் சில்லாக உடைந்து மணி குலுங்குகிற மாதிரி சத்தம். அப்பா காரை விட்டு இறங்கி, கோட்டைக்கூடக் கழற்றாமல் கரையில் நின்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் இனி ஒரு நாள்கூடப் பொறுக்கமாட்டார் என்று தெரிந்துவிட்டது.

அந்த மூடிகளின் பை உனக்குத் தெரியும். அக்டோபரில் எஞ்சினுக்குள் தண்ணீர் தங்கி உறைந்து இரும்பு வெடித்துவிடக் கூடாது என்று அப்பா எல்லாத் திருகுமூடியையும் கழற்றித் தண்ணீரை வடியவிடுவார், எஞ்சினின் இரண்டு பக்கத்திலிருந்து இரண்டு, புகைக்குழாய்களிலிருந்து இரண்டு, படகின் அடியிலிருந்து, இல்லாவிட்டால் படகே மூழ்கிவிடுகிற அந்தப் பெரிய பித்தளை மூடி, ஆக ஐந்து. ஐந்தையும் அந்த நீலத் துணிப்பையில் போட்டு ஸ்டியரிங்கில் கட்டித் தொங்கவிடுவார். பத்தொன்பது வருஷமாக ஒரு மெக்கானிக்கின் கை அந்தப் படகில் பட்டதில்லை. அவர் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் நான் கராஜுக்குள் போய், ஏணியில் ஏறி, பையை அவிழ்த்துப் பித்தளை மூடியை மட்டும் எடுத்துவந்து என் பின்னல் கூடையில் ஒரு கம்பளிக் காலுறைக்குள் போட்டு உருட்டி வைத்துவிட்டேன். யோசித்தா செய்தேன் என்று கேட்காதே, கை செய்தது. ஒரு வாரம் தள்ளிப்போகட்டும், அதற்குள் மனசு மாறிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ. கடையில் ஒரு காப்பிக் காசுக்குக் கிடைக்கிற சாமான் அது என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை பார்.

மத்தியானம் அவர் பையைத் திறந்தார். நான் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெஞ்சின் மேல் கொட்டி எண்ணினார், பையை உதறினார், மறுபடி எண்ணினார். நாலை எத்தனை தடவை எண்ணினாலும் நாலுதானே. உள்ளே வந்து, 'மார்லிஸ், போன அக்டோபர்ல அடிமூடியைக் கழட்டி பைல போட்டேன்ல? நீ பக்கத்துல இருந்தியா?' என்று கேட்டார். நான் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ரூபார்ப் தண்டை நறுக்கிக்கொண்டே, 'எனக்கென்ன தெரியும், உன் சாமான் எல்லாம் உன் பொறுப்பு' என்றேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது. மறுநாளே ஊருக்குள் போய்ப் புது மூடி வாங்கிவந்துவிட்டார். சரி, என் பாச்சா பலிக்கவில்லை என்று நினைத்தேன். ஆனால் அதை அவர் போடவில்லை, பெஞ்சிலேயே வைத்துவிட்டார். 'புதுசு வாங்குறது ஒண்ணுமில்ல. பழசை எங்க வச்சேன்னே தெரியலைன்னா, வேற எதை எங்க விட்டேன்னு எப்படி நம்புறது? உன்னை நடு ஏரிக்குக் கூட்டிட்டுப் போகப்போறேன் மார்லிஸ்' என்றார். அன்றைக்கே எல்லா வேலையையும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும். இலையுதிர் காலத்தில் மாற்றிய ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றினார், வடித்தது தேன் மாதிரி சுத்தமாக இருந்தது. தண்ணீர் இழுக்கிற பம்புக்குள் இருக்கும் ரப்பர் சக்கரத்தைக் கழற்றி, அதன் இதழ் ஒவ்வொன்றையும் மடக்கி விரித்து, கீறல் ஒன்றும் இல்லாவிட்டாலும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டினார். எஞ்சினும் படகைத் தள்ளுகிற சுழலியின் தண்டும் சேருகிற இடத்தில் மெல்லிய தகட்டை விட்டு நாலு பக்கமும் இடைவெளி சரியா என்று பார்த்தார், மறுநாள் மறுபடி பார்த்தார். படகின் அடிவயிற்றுக்குள் தலைகீழாக அவர் தொங்க, வெளியே தெரிகிற இரண்டு காலும் அசைகிறதா என்று பார்ப்பதே என் வேலையாக இருந்தது. படகுக்குப் போகவிடாமல் செய்யப்போய் நாள் முழுக்கப் படகுக்குள்ளேயே அடைத்துவைத்துவிட்டேன், என் சாமர்த்தியத்தை என்ன சொல்ல. போன வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு ஹார்லன் மீன்பிடிச் சாமான் வண்டியை இழுத்துக்கொண்டு போகிறவன் நின்று எட்டிப் பார்த்தான். நம் படகு எழுப்புகிற அலை அவன் கரையைத் தின்கிறது என்று பத்து வருஷமாகப் புலம்புகிறவன் அவன், தெரியுமே. 'என்ன டுவேன், மறுபடியும் ஆயிலா? போன திங்கள்தானய்யா ஊத்துன, மறந்துட்டியா?' என்று சும்மா விளையாட்டுக்குத்தான் கேட்டான். வேறு சமயமாக இருந்தால் அப்பா அவனுக்குத் திருப்பிக் கொடுத்திருப்பார். அன்றைக்குக் குனிந்து காலி ஆயில் டப்பாக்களை எண்ணினார். முகத்தில் ரத்தம் இல்லை.

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாள் ஆக ஆக வாய் பூட்டிக்கொண்டுவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை காப்பி கொண்டுபோனேன், அவர் குழாயடிக்குப் போயிருந்தார். அவருடைய பராமரிப்பு நோட்டு பெஞ்சில் திறந்து கிடந்தது, எத்தனை மணி நேரம் எஞ்சின் ஓடியது, எப்போது ஆயில், எப்போது பாட்டரி என்று பத்தொன்பது வருஷமாக எழுதுகிற நோட்டு. கடைசிப் பக்கத்தில் வேறு ஏதோ எழுதியிருந்தார். 'இன்று புதன். மனைவி மார்லிஸ். மகள் கிர்ஸ்டன், டனீடின், பிறந்தது நவம்பர் பதினொன்று. கல்யாணத்தன்று மழை. ஹார்லனின் நாய் பெயர்?' அதற்குக் கீழே, 'இன்று வியாழன். மனைவி மார்லிஸ். மகள் கிர்ஸ்டன். ஹார்லனின் நாய் பிஸ்கட்.' இப்படி ஒவ்வொரு நாளும் காலையில், ஆயில் அளவு எழுதுகிற அதே கையெழுத்தில். நான் ஒளித்துவைத்தது படகின் மூடியைத்தான் என்று நினைத்திருந்தேன் கிர்ஸ்டன். அந்த மனுஷன் தினமும் எழுந்து தன் மண்டைக்குள் நாம் இருவரும் இன்னும் இருக்கிறோமா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். காப்பியைப் பெஞ்சில் வைத்துவிட்டு நேரே பின்னல் கூடைக்குப் போனேன்.

அன்றைக்குத்தான் எஞ்சினை முதல்முறை ஓட்டிப் பார்க்கும் நாள். படகை வண்டியோடு முற்றத்துக்கு இழுத்து, அடியில் தண்ணீர் இழுக்கிற துளையில் தோட்டத்துக் குழாயைப் பொருத்தி, உள்ளே பெட்ரோல் வாடை போக மின்விசிறியை ஓடவிட்டு, சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. நீ பதினாலு வயதில் ஆரம்பித்துவைத்த வழக்கத்தை நாங்கள் விடவில்லை, தெரியுமா? துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, போகலாம் போகலாம் என்று தரையிலேயே படகு விட்டாயே, அது. ஒவ்வொரு வருஷமும் எஞ்சின் சூடாகிற அந்தப் பத்து நிமிஷம் இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்துகொள்வோம். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வார், நான் பக்கத்தில். எதிரே ஏரி, நடுவில் புல்வெளி, எஞ்சின் தான் தண்ணீரில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு உறுமும், பின்னால் குழாய்த் தண்ணீர் சரளைக்கல்லில் கொட்டி ஓடும். கொஞ்ச நேரத்தில் புல் நகருகிற மாதிரி இருக்கும். பிர்ச் மரங்கள் பின்னுக்குப் போகும். இது பைன் முனை, இது பழைய முகாம், இது லூன் பறவை கூடு கட்டுகிற நாணல் என்று அப்பா சொல்லிக்கொண்டே வருவார், நானும் பார்ப்பேன், எல்லாம் தெரியும். இந்தத் தடவை அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் தப்பாகிவிடுமோ என்று பயந்திருப்பார். நாங்கள் ஏரி நடுவில் வந்திருப்போம் என்று எனக்குத் தோன்றியபோது காலுறையைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து அவர் மடியில் வைத்தேன். 'டுவேன், நான்தான் எடுத்தேன். நீ மறக்கல' என்றேன்.

எஞ்சினை அணைத்தார். தண்ணீர் சொட்டுகிற சத்தம், எங்கோ ஒரு லூன் கூப்பிட்டது. மூடியைக் காலுறைக்குள்ளிருந்து எடுத்து, கட்டைவிரலால் மரையைத் தடவிப் பார்த்தார். கத்துவார் என்று காத்திருந்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 'அப்போ நான் பைலதான் போட்டேனா?' என்றார். ஆமாம் என்றேன். 'நான் போட்டேன்' என்றார். மறுபடியும், 'நான் போட்டேன், மார்லிஸ்' என்றார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார், தோள் குலுங்கியது, எனக்கு உயிரே போய்விட்டது, இதயம்தான் என்று நினைத்துவிட்டேன். சிரித்தாரா அழுதாரா என்று இன்னும் தெரியாது. என் மேல் கோபப்படக்கூட அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவு சந்தோஷப்பட்டார். என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

கோபம் புதன்கிழமை வந்தது. நான் சுட்ட இறைச்சியும் உருளைக்கிழங்குமான ஹாட்டிஷைத் தட்டோடு கராஜுக்கு எடுத்துப்போய்த் தின்றார், ஆனால் இரண்டாம் தரமும் வந்து போட்டுக்கொண்டு போனார். நேற்று வியாழன் காலை வாசலில் டிரக்கைத் தயாராக நிறுத்திவிட்டு, 'வர்றதுன்னா வா' என்றார். நாளை மீன்பிடி ஆரம்பம், கூட்டம் வருவதற்குள் இறக்கிவிடவேண்டும். இறங்குதுறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை, தண்ணீர் மேல் மூடுபனி முழங்கால் உயரத்துக்கு நின்றது. பழைய மூடியை என் கையில் கொடுத்து, 'எடுத்தவதான் போடணும்' என்றார். ஈரச் சரளையில் மண்டியிட்டு மரை பிடிக்கும்வரை திருகி, ஸ்பானரால் இறுக்கினேன். டிரக் ஜன்னலிலிருந்து, 'மூடி?' என்று கேட்டார். 'போட்டாச்சு!' என்றேன். 'சத்தமா!' என்றார். எதிர்க்கரை வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினேன். அதற்கப்புறம்தான் டிரக்கைப் பின்னால் எடுத்துப் படகை இறக்கினார்.

நான்தான் ஓட்டினேன், வழக்கம்போல. படகைக் கனமாக்கி அலை எழுப்புகிற தண்ணீர்ப் பைகளை நிரப்பவில்லை, மெதுவாகவே போனோம். அவர் பின் இருக்கையில் போர்வையோடு சாய்ந்து, பைன் முனை, பழைய முகாம், நாணல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். மூடுபனிக்குள் கரையே தெரியவில்லை, முற்றத்தில் இருக்கிறோமா ஏரியில் இருக்கிறோமா என்று ஒரு கணம் எனக்கே சந்தேகம், குனிந்து கையைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தேன், விரல் விறைத்தது. பலகையை ஜூலையில் டாக்டரைப் பார்த்தபிறகு எடுக்கலாம் என்று அவரே சொன்னார், நான் கேட்கவில்லை. ஜூலையில் அவர் எழுந்து நின்றால் நான் ஓட்டுவேன், பயந்துகொண்டேதான் ஓட்டுவேன். நீயும் இனிமேல் உன் பயத்தை என் காதில் ஓதாதே, அவரிடமே சொல்லு. அவர் உன் வாயால் கேட்டிருந்தால் அவர் தவித்த அந்த எட்டு நாளில் ஒரு நாளாவது எங்களுக்கு மிச்சமாகியிருக்கும். இதைக் கோபத்தில் எழுதவில்லை, மூடியை எடுத்தது என் கைதான்.

குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாய், போன கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய பச்சைக் காலுறையைப் போட்டுக்கொள், அதே கம்பளியில் பின்னிய இன்னொரு ஜோடியில் ஒன்றுதான் இந்த வேலைக்கெல்லாம் உடந்தை, இப்போது துவைத்துவிட்டேன், அடுத்த பார்சலில் வரும். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் போன் செய், முதலில் அப்பாவைக் கூப்பிடச் சொல், ஹார்லனின் நாய் பெயரைக் கேட்டுவிடாதே. கடவுள் உன் கூடவே இருந்து உன்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும். கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அப்பா படிக்கவேண்டும் என்றார், கொடுத்திருக்கிறேன். அவரிடம் மறைக்க இனி என்னிடம் ஒன்றுமில்லை.

உன் அன்புள்ள அம்மா,
மார்லிஸ்

கிர்ஸ்டன், அம்மா எட்டு நாள் என்று எழுதியிருக்கிறாள். நான் பையைத் திறந்தது ஞாயிறு மத்தியானம், அவள் சொன்னது அதற்கடுத்த வாரம் செவ்வாய். ஒன்பது நாள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. — அப்பா