இரண்டாம் மறியலின் படம்

அன்பு மகள் ஜெனிஃபருக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க மலை மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிக்காதே. போனில் சொன்னால் நீ பாதியிலேயே அழுவாய், நானும் வைத்துவிடுவேன். எதிர்வீட்டு ஆல்வின் லீவு முடிந்து குவைத் திரும்புகிறான். அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்து பார்த்தால் சுவரெல்லாம் ஒட்டடை. இத்தனை நாள் ஒருத்தரும் சொல்லவில்லை. நீ அனுப்பிய படத்தில் மாப்பிள்ளைக்கு முன்மண்டை ஏறிவிட்டதும் இப்போதுதான் தெரிந்தது. அவரிடம் சொல்லிவிடாதே.

போன வாரம் திருப்போரூரிலிருந்து இனியன் வந்தான். உன் அண்ணன் காணாமல் போன வழக்கை வக்கீலோடு சேர்ந்து பார்க்கிற பிள்ளை. கோர்ட்டில் கொடுக்கப்போகும் போட்டோவைக் கொண்டுவந்திருந்தான். ஸ்டான்லி கொடி பிடித்து நிற்கிறானே, அதுதான். மறியலுக்கு ஒரு வாரம் முன்பே அவன் பம்பாய்க்கு ஓடிவிட்டான் என்று முப்பது வருடமாகப் போலீஸ் சாதிக்கிறது. தடியடி நடந்த அன்று அவன் ரோட்டில் நின்றான் என்பதற்கு நம்மிடம் இருந்த ஒரே சாட்சி அந்தப் படம். ஆனால் அதன் பின்னால் தேதி இல்லை. நமக்குச் சேர வேண்டிய நிலத்தைக் கேட்டு நாம் ரோட்டை மறித்தது இரண்டு தடவை, தையில் ஒன்று, சித்திரையில் ஒன்று. தடியடி சித்திரையில். "நல்லா பாத்து சொல்லுமா. அவனுங்க தேதியத்தான் நோண்டுவானுங்க, தப்பாப் போனா கேஸே காலி" என்றான் இனியன்.

இந்தப் படங்கள் நம் கைக்குக் கிடைத்தபோதே என் கண் மங்கிவிட்டது, இதுவரை மற்றவர்கள் சொன்னதற்குத்தான் தலையாட்டினேன். இப்போதுதான் என் கண்ணால் பார்த்தேன். நெற்றியில் விழும் சுருட்டை முடி, அப்படியே என் பிள்ளை. ஆனால் சித்திரையில் அவனுக்கு முடி ஏது?

உனக்குத் தெரியாது. டைபாய்டில் நீ செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாய். நீ பிழைக்க வேண்டுமென்று அவன் அச்சிறுபாக்கம் மலை மாதாவுக்கு மொட்டை போட்டான். நானும் கூடப் போனேன். அப்புறம் உன் கட்டிலடியிலேயே கிடந்துவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நேரே மறியலுக்குப் போனான். ஊரில் யாரும் அந்த மொட்டையைச் சரியாகப் பார்க்கவே இல்லை.

ஆக, அது தை மாதத்துப் படம். சொன்னதும் இனியன் முகம் சுண்டிவிட்டது. சித்திரை மறியலில் எடுத்த மற்றப் படங்களைப் பையிலிருந்து கொட்டினான். ஒன்றில் இரண்டு போலீஸ்காரர்கள் ஒரு மொட்டைத் தலைக்காரனைக் கைகாலைப் பிடித்துக் குப்புறத் தூக்கி வேனில் ஏற்றுகிறார்கள். ஊரே பார்த்த படம்தான். "அது யாரோ முருகன் கோயில்ல முடி குடுத்துட்டு வந்தவன்மா, பாவம், நடுவுல மாட்டிக்கினான்" என்று இனியனும் சொன்னான். எல்லோரும் சுருட்டை முடியைத் தேடினார்கள். மொட்டையை யார் தேடுவார்கள்?

பின்மண்டையில் ஒரு தழும்பு. சின்ன வயதில் பனைமட்டை விழுந்து கிழிந்த இடம், நான்தான் மஞ்சளை வைத்து அழுத்திப் பிடித்தேன். முடி வளர்ந்து மூடியதை மொட்டை போட்ட அன்றுதான் மறுபடி பார்த்தேன், தடவிக்கொடுத்தேன். அதே தழும்பு, ஜெனி.

இனியன் துள்ளிவிட்டான். "இத்தாம்மா ஆதாரம், இவனுங்களே தூக்கினு போயிருக்கானுங்க" என்று வக்கீலுக்குப் போன் போட எடுத்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். படத்தில் கழுத்து நிற்காமல் தலை தொங்குகிறது. உயிருள்ள பிள்ளைக்கு அப்படித் தொங்காது.

வழக்கு இனி நிற்கும் என்கிறார் வக்கீல். நிற்கட்டும், விடமாட்டேன். முதல் படம் தை மாதத்தது என்பதையும் வாக்குமூலத்தில் எழுதச் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டேன்.

போலீஸ் சொன்ன பொய்யை ஊர் முன்னால் நான் எப்படித் திட்டுவேன் என்று உனக்குத் தெரியும். உள்ளுக்குள் அந்தப் பொய்யைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். பம்பாயில் எங்கேயாவது, பெண்டாட்டி பிள்ளையோடு, என்னை மறந்தாவது இருக்கட்டும் என்று. அவன் பிறந்தநாள் பூசைக்கு வருடா வருடம் 'ஸ்டான்லியின் நலனுக்காக' என்றுதான் எழுதக் கொடுப்பேன்.

அடுத்த மாதம் கல்லறைத் திருநாள். 'ஸ்டான்லியின் ஆன்மா இளைப்பாற' என்று சாமியாரிடம் சொல்ல வேண்டும். கோயில் வாசல்வரை போய்விட்டுத் திரும்பிவிட்டேன், வாய் வரவில்லை. லீவு இல்லை என்று சொல்லாதே, மகளே. அவன் முடி கொடுத்துக் கேட்டு வாங்கிய உயிர் நீ. நீ வந்து சொல்.

மலை மாதா உன்னைப் பத்திரமாக என்னிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அம்மா