ஏலக்காய் டப்பாவில் இருந்த செல்

மகால் தெரு, மதுரை - 1
மார்ச் 2003, திங்கட்கிழமை

சௌபாக்கியவதி ரம்யாஸ்ரீக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். புனாவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும்.

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்திருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்த வீட்டில் யாரும் உன்னை வர வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நடந்தது பேட்டரிக் கோளாறு. கல்யாணத்துக்குப் பிறகு அப்பா எழுதும் முதல் கடிதம் பேட்டரியைப் பற்றியதா என்று மடித்து வைத்துவிடாதே. கடைசி வரை படி.

போன தீபாவளிக்குப் பிறகு வீட்டுக்கு ரீசார்ஜ் செல் வாங்குவது என்று முடிவு செய்தேன். சுவர்க் கடிகாரம், டிவி ரிமோட், ரேடியோ, டார்ச், அம்மாவின் காது மிஷின் என்று எல்லாம் செல்லை நம்பித்தான் ஓடுகின்றன. டவுன்ஹால் ரோட்டுக் கடைக்காரர், எல்லாவற்றிலும் இதையே போடுங்கள் சார், நூற்றுக்கணக்கான தடவை சார்ஜ் ஏற்றலாம் என்றார். மின்வாரியத்து மீட்டர் டெஸ்டிங்கில் ரிட்டயர் ஆனவனிடம் இப்படிச் சொன்னால் அவன் சும்மா இருப்பானா? ஒவ்வொன்றிலும் போட்டு, மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். இந்த வீட்டில் எனக்கு வேறு வேலையும் இல்லை.

கடிகாரத்துக்கு அது ஆகாது. கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செல்லைத் தின்னும், சாதா செல்லே ஒரு வருஷம் தாங்கும். ரீசார்ஜ் செல்லோ சும்மா கிடந்தாலே தானாக இறங்கிவிடுகிற ஜாதி. நம் கடிகாரம் யாருக்கும் சொல்லாமல் நின்றுபோனதில் உன் அம்மா ராகுகாலத்தில் கிளம்பிக் கோயிலுக்குப் போய்விட்டாள். அதற்கு இன்று வரை என்னைத்தான் திட்டுகிறாள். ரிமோட்டும் அப்படியே. டார்ச்சை எடுப்பதே கரண்ட் போனால்தான், அப்போது பார்த்தால் செல் செத்திருக்கும். தினமும் ஓடுகிற ரேடியோவுக்கு மட்டும் அது தங்கம். அப்புறம் காது மிஷினுக்கு. தினமும் மாட்டி, தினமும் சார்ஜ் ஏற்றினால் இதைவிடப் பொருத்தமான செல் கிடையாது. என் தேர்வில் தப்பில்லை என்பதைக் குறித்துக்கொள்.

மிஷின் வாங்கியதைப் போனில் அம்மா சொல்லியிருப்பாள், நீ பார்த்ததில்லை. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய டப்பா. அதை ஜாக்கெட்டில் கிளிப் போட்டு மாட்டிக்கொள்கிறாள். அதிலிருந்து ஒரு வயர் காதுக்குப் போகிறது. மைக் அந்த டப்பாவில் இருப்பதால் உன் போன் வந்தால் ரிசீவரை நெஞ்சில் வைத்துக் கேட்பாள், பேசும்போது வாய்க்குக் கொண்டுபோவாள். எதிர்வீட்டு ஹம்சவேணி இதைப் பார்த்துவிட்டு, மாமி மகளை மடியில் போட்டுக் கொஞ்சுகிற மாதிரி இருக்கிறது என்றாளாம்.

நான் இதைக் கேள்விப்பட்டதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் போன் வரும் நேரம் எனக்கு வெளியே வேலை இருக்கும். என்ன வேலை என்று நீ கேட்டதில்லை, நானே சொல்கிறேன். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு, எந்த பஸ் எங்கே போகிறது என்று போர்டுகளைப் படித்துவிட்டுத் திரும்பி வருவேன். கடந்த இரண்டு ஞாயிறும் உன் போன் வரவில்லை என்பதே எனக்குத் தெரியாது. அம்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நேற்றும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். உன் மாமனார் சின்னக்கருப்பன், தங்கையைத் தேனி பஸ்ஸில் ஏற்றிவிடக் கீழக்குயில்குடியிலிருந்து வந்திருந்தார். உன் கல்யாணத்துக்குப் பிறகு ஒரே ஒரு தடவை நம் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறார். அன்றைக்கு நான் அதிகம் பேசவில்லை. அதனால் அவர் என்னைப் பார்க்காத மாதிரி போயிருந்தால் நான் தப்புச் சொல்லமாட்டேன். அவர் நேராக வந்தார். “அண்ணே, புள்ளைகள வர வேணாம்னுட்டீகளாமே. ஒங்க வீட்டுல தோதுப்படலன்னா எங்க வீட்டுல கெடந்துட்டுப் போகட்டும். எதுக்கு அம்புட்டுத் தொலைவுல ஊரு பாக்காம கெடக்கணும்?” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் முழித்தேன். சித்திரைத் திருவிழாவுக்கு மூன்று பேரும் வருவதாக இருந்ததும், நம் வீட்டில் வந்து தங்கலாமா என்று நீ அம்மாவிடம் போனில் கேட்டதும், அதெல்லாம் ஒன்றும் வேண்டாம், அங்கேயே நல்லா இருங்கள் என்று அம்மா சொல்லிப் போனை வைத்துவிட்டதும், பெற்ற வீட்டை மிதிக்காமல் மதுரைக்கே வரமாட்டேன் என்று நீ டிக்கெட்டை ரத்து செய்ததும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டீக்கு அவர்தான் காசு கொடுத்தார். சட்டைப் பையிலிருந்து பேத்தி பவதாரிணியின் போட்டோவை எடுத்துக் காட்டினார். கப்பலூரில் அவர் வேலை பார்க்கிற கம்பெனியில் எல்லோருக்கும் காட்டியிருப்பார் போலிருக்கிறது, ஓரமெல்லாம் பிய்ந்திருந்தது. குழந்தைக்கு உன் அம்மாவின் நெற்றி. நான் அதைச் சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். வழக்கம்போலத் தலையை ஆட்டினாள். மறுபடி கேட்டேன், மறுபடியும் ஆட்டினாள். சந்தேகம் வந்து மிஷினின் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே செல்லே இல்லை. எங்கே என்று சைகையில் கேட்டதும் அடுப்படிக்குப் போய் ஏலக்காய் டப்பாவை எடுத்து வந்தாள். செல் அதற்குள் இருந்தது, நல்ல வாசனையோடு.

ஞாயிறு உன் போன் முடிந்ததும் செல்லைக் கழற்றி அதில் போட்டுவிடுவாளாம். சும்மா சும்மா சார்ஜ் ஏற்றினால் செல்லின் ஆயுசு குறைந்துவிடும் என்று அவளாகவே ஒரு கணக்கு. அது உனக்கென்று வைத்திருக்கிற செல், மற்ற நாளில் எதற்கு வீணாக்க வேண்டும் என்கிறாள். ஆக, அவள் அப்படித் தொடங்கிய தைப் பொங்கலிலிருந்து நான் பேசியதற்கெல்லாம் அவள் தலையாட்டியது ஒரு வார்த்தையும் காதில் விழாமல்தான். நான் கவனிக்கவும் இல்லை. மற்ற நாளில் இந்த வீட்டில் என்னிடம் யார் பேசுகிறார்கள் என்று நம் சௌராஷ்டிர பாஷையில் கேட்டாள். நான் அதற்கு ஒரு பதில் சொன்னேன். அதுவும் அவளுக்குக் கேட்டிருக்காது, செல் என் கையில் இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சாதா செல் இறங்கும்போது சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், மாற்ற வேண்டும் என்று தெரிந்துவிடும். ரீசார்ஜ் செல் அப்படி இல்லை. கடைசி வரை கணீரென்று கேட்டுவிட்டு ஒரே நொடியில் போய்விடும். வாரக்கணக்கில் ஏலக்காயோடு கிடந்து தானாக இறங்கிய செல் அது. அந்த ஞாயிறு நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் போனை வைப்பதற்கு முன்னால் நீ கேட்கிற கடைசிக் கேள்வி, என்னம்மா வேணும், எதாவது அனுப்பட்டுமா என்பதுதானே? சத்தம் நின்றதும் நீ அதைத்தான் கேட்டு முடித்திருப்பாய் என்று நினைத்து, வழக்கமாகச் சொல்கிற பதிலையே சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நீ வேறொன்று கேட்டாய் என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது.

செல்லுக்கு சார்ஜ் ஏற்றி மிஷினில் போட்டு இதை அவளிடம் சொன்னேன். கேட்டதும் போன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இரண்டு ஞாயிறும் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஹம்சவேணி அப்புறம் சொன்னாள். எனக்குத் தாங்கவில்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நம் போனில் எஸ்டிடி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான். நேற்றே பூத்துக்குப் போனேன். வாழ்நாள் முழுக்க மீட்டர் பார்த்தவனுக்கு, கண்ணெதிரே மீட்டர் ஓட ஓட இதையெல்லாம் எப்படிப் பேசுவது என்று தோன்றிவிட்டது. நம்பரைச் சுழற்றாமலே திரும்பிவிட்டேன். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

இனி மிஷினுக்கு இரண்டு செல். ஒன்று மிஷினில், ஒன்று சார்ஜரில், தினமும் காலையில் மாற்றுவது என் பொறுப்பு. ஏலக்காய் டப்பாவையும் நான் தினமும் திறந்து பார்ப்பேன். போன் பக்கத்தில் ஒரு சாதா செல்லும் பிரிக்காமல் இருக்கும். நீயும் குழந்தையின் பொம்மைக்கு ரீசார்ஜ் செல் போடு, ஆனால் செல் போடும் மூடிக்கு ஸ்க்ரூ இருக்கிறதா பார். இல்லாவிட்டால் டேப் ஒட்டு. அந்த வயதில் நீ கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போட்டாய்.

டிக்கெட்டை மறுபடி போடு. அழகர் ஆற்றில் இறங்குகிற சமயத்துக்கு இடம் கிடைக்காவிட்டால் முன்னேயோ பின்னேயோ வாருங்கள். அழகருக்காக நாங்கள் உங்களைக் கூப்பிடவில்லை. மாடி அறையை ஒழித்துவிட்டேன், மாப்பிள்ளை உயரமானவர் என்றாள் அம்மா, பெரிய கட்டிலைப் போடச் சொல்லியிருக்கிறேன். உன் மாமனாரையும் மாமியார் ராமக்காளையும் நானே கீழக்குயில்குடிக்குப் போய் அழைத்து வருகிறேன். டீக்கு நான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஞாயிறு வரை பொறுக்காதே, கடிதம் கிடைத்த அன்றே போன் செய். எந்தக் கிழமையானாலும் நான் வெளியே போகமாட்டேன். பேச்சின் நடுவில் செல் போய்விட்டால் அம்மாவிடமிருந்து ரிசீவரை நான் வாங்கிக்கொள்வேன். வைத்துவிடாதே, ரம்யா. எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது.

உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

அப்பா,
நாகசுப்பிரமணியன்