அக்காவின் பசி

மார்ச் 3, செவ்வாய்

இன்று தையல் கடையில் முழுக்க மடிப்பு வேலை. பள்ளிக்கூடச் சீருடை, எல்லாம் ஒரே நீலம், கண் பூத்துப்போனது. ஊசியை இரண்டு தடவை ஒடித்தேன். முதலாளியம்மா திட்டக்கூட இல்லை. அக்கா போனதிலிருந்து எல்லோரும் என்னிடம் காய்ச்சல்காரியிடம் பேசுவதுபோல மெதுவாகப் பேசுகிறார்கள். ஆனால் "இளைச்சுட்டியே, இப்பதான் பார்க்க நல்லாயிருக்க" என்பதை மட்டும் சத்தமாகச் சொல்கிறார்கள்.

இதை அக்காவிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள். "ஏ பூசணி, நீ இளைக்க நான் சாக வேண்டியிருந்துச்சா?" என்பாள். அப்படிக் கேட்க ஆள் இல்லை. அதனால் இந்த நோட்டு. ஐந்தாவதோடு நின்ற படிப்பு, தப்பு வரும். வரட்டும். படிக்கப்போவது நான்தானே.

மார்ச் 6

ஆஸ்பத்திரியிலிருந்து போன். அக்காவைக் கடைசியில் பார்த்த டாக்டரம்மா. கூடப்பிறந்தவளும் மகளும் வந்து ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டுமாம்.

செத்தது அக்கா. ரத்தம் எங்களிடம் எதற்கு? கணையம் என்று ஒன்று வயிற்றுக்குள் இருப்பதே, அது வீங்கி அக்கா போன பிறகுதான் எனக்குத் தெரியும். வருஷக்கணக்காக வயிற்று வலி என்பாள். வாயு மாத்திரை போட்டுக்கொள்வாள். அடுத்த நிமிஷம் "சாப்பிட என்ன இருக்கு?" என்பாள்.

மார்ச் 10

தனியாகப் போனேன். அக்கா மகள் கடைக்கு லீவு போட முடியாது என்றுவிட்டாள்.

டாக்டரம்மா சொன்னது பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. புரிந்ததை எழுதிவைக்கிறேன், மறந்துவிடுவேன்.

அக்காவின் ரத்தத்தைக் குழாயில் எடுத்து நிறுத்தியபோது மேலே பால் போல வெள்ளையாக ஒதுங்கியதாம். அத்தனையும் கொழுப்பாம்.

"குச்சி மாதிரி இருந்தவளுக்கா?"

"குச்சி மாதிரி இருந்ததாலதாம்மா. கொழுப்பு தங்குறதுக்கு உடம்புல இடம் வேணும். கை, கால், இடுப்பு. உங்க அக்காவுக்கு அந்த இடமே சரியா அமையலை. தங்க இடமில்லாம ரத்தத்துலயே சுத்திச்சு."

இன்னொன்றும் சொன்னார். கொழுப்பு சும்மா உட்கார்ந்திருக்காதாம். அதிலிருந்து ஒரு புரதம் ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய், வயிறு நிறைந்துவிட்டது, போதும் என்று சொல்லுமாம். அக்காவிடம் அது ரொம்பக் குறைவு. அதனால் எவ்வளவு தின்றாலும் அவள் மூளைக்குப் பட்டினி என்றே தோன்றியிருக்கும். இந்தக் கோளாறு ஆண்களைவிடப் பெண்களைத்தான் அதிகம் படுத்துமாம். அம்மாவிடமிருந்து பிள்ளைக்கும் வரலாமாம்.

அப்படியானால் அக்கா தீனிக்காரி இல்லையா? எல்லோரும் அப்படித்தானே கூப்பிட்டோம்?

மார்ச் 12

யோசித்துக்கொண்டே படுத்தேன். காலையில் பளிச்சென்று தெரிந்தது. புரதம் குறைவு என்றால் புரதம் கொடுத்தால் தீர்ந்தது! டப்பா நிறைய முட்டை அவித்து எடுத்துக்கொண்டு அக்கா மகள் வேலை செய்யும் கடைக்குப் போனேன். துணிக்கடை. புதிதாக எந்த உடுப்பு வந்தாலும் முதலில் இவளுக்குத்தான் மாட்டி நிறுத்துவார்கள். அங்கே இவளுக்குப் பெயர் ஒட்டடைக்குச்சி. வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது, ஒட்டடை.

பின்பக்கம் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்றபடியே தின்றாள். உப்புப் பொட்டலத்தை நான் பிரிப்பதற்குள் பாதி காலி. கடைசி முட்டையையும் விழுங்கிவிட்டு, "அவ்வளவுதானா சித்தி?" என்றாள்.

வரும் வழியெல்லாம் அந்த "அவ்வளவுதானா" காதுக்குள்ளேயே கேட்டது.

மார்ச் 13

ஆஸ்பத்திரி நர்சுக்குப் போன் செய்து எத்தனை முட்டை வரை கொடுக்கலாம் என்று கேட்டேன். சிரிக்காமல் பதில் சொன்னாள், நல்ல பெண். "அம்மா, இது நாம சாப்பிடற புரதம் இல்ல. உடம்பே செஞ்சுக்கறது. தின்னு ஏத்த முடியாது. நீங்க மொதல்ல பொண்ணைக் கூட்டிட்டு வாங்க."

மார்ச் 17

என் ரத்தச் சோதனை முடிவு வந்துவிட்டது. ஒரு குறையும் இல்லை.

"உங்க கொழுப்பு இருக்க வேண்டிய இடத்துல இருக்கு, சொல்ல வேண்டியதைச் சொல்லுது" என்றார் டாக்டரம்மா. சர்க்கரையும் இல்லையாம். வெளியே வந்து வெகுநேரம் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். வந்த பஸ் எல்லாம் போனது. இத்தனை வருஷம் கண்ணாடி முன்னால் நிற்கக் கூசின உடம்பு இது. இதுதான் என்னைக் காப்பாற்றியிருக்கிறதா? யார் யாரிடம் "இன்னும் நாலு வாய் குறைச்சுக்கோடி" என்று சொன்னது? அக்காதானே என்னிடம் சொன்னாள். போனதும் அவள்தானே. ஒண்ணும் புரியல. ஒண்ணுமே புரியல.

மார்ச் 18

அக்கா வீட்டுக்குப் போய் மாமாவிடம் பேசினேன். அக்கா இருந்தவரை என்னிடம் குரல் உயர்த்தாத மனுஷன்.

"உடம்பு பூரா கொழுப்பை வெச்சுக்கிட்டு நீ நல்லாயிருக்கியாம், என் பொண்ணு வியாதிக்காரியாம். நல்ல கதையா இருக்கே!"

"மாமா, பார்த்துட்டா ஒரு நிம்மதிதானே?"

"உங்க அக்காவும் அந்த ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நடந்துதான் வந்தா. நான்தான் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனேன். திரும்ப அங்க வர மாட்டேன். இவளையும் விட மாட்டேன்."

கிளம்ப எழுந்தேன்.

ஒட்டடை உள்ளேயிருந்து வந்தாள். "உனக்குப் பொறாமை சித்தி. அம்மா மேலயும் உனக்குப் பொறாமைதான். அம்மாவே சொல்லியிருக்கு."

மார்ச் 19

அக்கா அப்படிச் சொன்னாளா?

மார்ச் 22

இருந்ததா, பொறாமை? அக்கா மூன்று தட்டு தின்றுவிட்டு அதே ஓட்டையில் பெல்ட்டை மாட்டுவாள். நான் தண்ணீரைப் பார்த்தாலே ஊதுவேன். கடுப்பாக இருக்கும். அதற்குப் பெயர் பொறாமையா? அவள் தட்டில் என் பங்கையும் வைத்தது யார்? நான்தானே. பசி என்று அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க முடியாது. இது எல்லாம் சேர்ந்தால் என்ன பெயர்?

மார்ச் 27

மாமா ஆள் மூலம் அக்காவின் காப்பிப்பொடி நிறக் கோட்டைக் கடைக்கு அனுப்பியிருக்கிறார். மகள் அளவுக்குப் பிடித்துத் தைக்க வேண்டுமாம். பையைப் பிரிக்காமல் மேசைக்கடியில் வைத்துவிட்டேன். அக்காவின் வாசனை வந்தால் வேலை ஓடாது.

ஏப்ரல் 2

ஒட்டடை அளவு கொடுக்க வந்தாள். முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். கோட்டை மாட்டிவிட்டேன்.

ஒரு இடத்திலும் கை வைக்க வேண்டியதில்லை. தோள், கை, கழுத்து எல்லாம் அப்படியே உட்கார்ந்தது. "அடேயப்பா, இவளுக்கே வெட்டின மாதிரி இருக்கு!" என்று முதலாளியம்மா கைதட்டினார். எனக்கு வாயில் இருந்த குண்டூசியை எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

"என்ன சித்தி, எங்க பிடிக்கணும்?"

"எங்கயும் வேண்டாம்."

கோட்டைக் கழற்றி உள்பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். என் தையல்தான். "இது கடையில வாங்கினது. உங்கம்மாவுக்குக் கை தொளதொளன்னு இருந்துச்சு, நான் பிடிச்சேன். கழுத்து மட்டும் இறுக்குதுன்னா. ரெண்டு தடவை பிரிச்சுவிட்டேன். குச்சிக்கு ஏன்டி கழுத்து மட்டும் பருக்குதுன்னு கேலி பண்ணேன். அதுவும் இந்த வியாதியோட சேர்ந்ததுன்னு இப்பதான் டாக்டரம்மா சொல்றாங்க."

அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. பிறகு தையலை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அம்மாவுக்கு எப்பவும் பசிக்குமா சித்தி?"

"எப்பவும்."

"எனக்கும். கடையில பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு திங்கறேன். பார்த்தா சிரிப்பாங்கன்னு. தின்னுட்டு வெளிய வந்தா மறுபடி பசிக்குது. நான் தீனிக்கு அலையற ஜென்மம்னு நெனச்சேன்."

"இல்லடி கண்ணு. நீ அலையல. போதும்னு உனக்கு யாரும் சொல்லல, அவ்வளவுதான்."

இதை அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டியது.

ஏப்ரல் 9, வியாழன்

மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாமா கேட் வரை வந்தார், அதற்கு மேல் கால் வரவில்லை. ஒட்டடை திரும்பி அவர் கையைப் பிடித்தாள். "அப்பா, இந்தத் தடவை நான் உங்களைக் கூட்டிட்டுப் போறேன்." வந்தார்.

ஏப்ரல் 16

அதேதான். அம்மாவுக்கு இருந்ததே மகளுக்கும். ஆனால் ரத்தத்தில் வெள்ளை இன்னும் அவ்வளவு ஏறவில்லை, கணையத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. எண்ணெயைக் குறைக்க வேண்டும், மாத்திரை உண்டு. அந்தப் புரதத்தையே ஊசியாகப் போடுவார்களாம், தினமும். வரவழைக்க நாளாகும் என்றார் டாக்டரம்மா.

அப்படி ஒரு ஊசி இருந்ததா? அக்கா வாயு மாத்திரை போட்டுக்கொண்டிருந்த காலத்திலும் இருந்ததா? கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

மே 28

ஊசி வந்துவிட்டது. மாமாதான் போட்டுவிடுகிறார். முதல் நாள் அவர் ஊசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து ஒட்டடை, "அப்பா, நீங்க குத்துறீங்களா, கும்பிடுறீங்களா?" என்றாளாம்.

ஜூன் 14

முதலாளியம்மா இன்று, "ஏன் மறுபடி பூசினாப்ல இருக்க?" என்றார். பசித்தது, சாப்பிட்டேன் என்றேன். இளைத்தபோது என் பழைய சட்டைகளில் பிடித்த தையலை எல்லாம் பிரித்துவிட்டேன்.

ஜூலை 19, ஞாயிறு

மாமாவும் மகளும் இன்று என் வீட்டில் சாப்பிட்டார்கள். ரொட்டியும் வேகவைத்த காயும். இரண்டாவது ரொட்டியில் பாதி இருக்கும்போதே ஒட்டடை தட்டைத் தள்ளிவைத்தாள்.

"என்னடி, நல்லாயில்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. போதும்."

சொல்லிவிட்டு அவளே திகைத்து என்னைப் பார்த்தாள். மாமா எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

அக்கா உட்கார்ந்த பந்தியில் மிச்சம் என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை. நான் வைத்ததையும் இழுத்துத் தின்றுவிட்டு, "இன்னும் இருக்கா பூசணி?" என்பாள். இருந்த வரை போட்டேன். அவளுக்குப் போதும் என்று ஒரு நாளாவது தோன்றியிருக்குமா? இது சந்தோஷமா, அழுகையா? என்ன பெயர் வைப்பதென்று தெரியவில்லை.

அவர்கள் போய்விட்டார்கள். பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. பாதி ரொட்டி இருக்கிற அந்தத் தட்டு மட்டும் இன்னும் மேசைமேல் இருக்கிறது.