எந்த வேலைக்குப் போவது என்று கேட்ட ஈவாவுக்கு

அன்பு மகள் ஈவாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் பந்தல்குடியில் நானும் அப்பாவும் சுகம், கடையும் சுகம். கனடாக் குளிரில் நீயும் நவீன் மாப்பிள்ளையும் பேரன் இம்மானுவேலும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போனில் பேசினால் நீ அழுவாய், உன்னைப் பார்த்து நானும் அழுவேன், நடுவில் சிக்னல் போய்விடும், காரியம் பேசி முடியாது. அதனால்தான் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன், பொறுமையாகப் படி.

இந்த வருஷமும் மழை ஏமாற்றிவிட்டது. திருச்சுழிப் பக்கம் கொத்தமல்லி விதைத்தவர்கள் எல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாலுவழிச் சாலை வந்த பிறகு லாரிகள் ஊருக்குள் வருவது குறைந்துபோனதால் நம் இட்லிக் கடைக்குப் பழகின டிரைவர்கள்தான் மெனக்கெட்டு இறங்கி வருகிறார்கள். என் மகள் கனடாவில் பெரிய டிரக்குக்கு லைசன்ஸ் எடுத்துவிட்டாள் என்று சொல்லி முடித்த பிறகுதான் அவர்களுக்குச் சட்னியே ஊற்றுகிறேன்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது, இரண்டிலும் சங்கம் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சரி சொல்ல வேண்டும் என்கிறாய். ஒன்று நெடுந்தூரம், சம்பளம் கூட, சேர்ந்த உடனே உனக்கென்று ஒரு வண்டி, ஆனால் போனால் வாரக்கணக்கில் ரோட்டோடுதான் இருக்க வேண்டும். இன்னொன்று ஊருக்குள்ளேயே கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோவது, வேலை முடிந்தால் வீட்டுக்கு வந்துவிடலாம், ஆனால் சங்கத்தில் முந்திச் சேர்ந்தவர்கள் நல்ல நேரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் உனக்குக் கொடுப்பார்கள், கூப்பிடாத நாளில் வேலை கிடையாது. கடைசி ஆளாக நிற்பது உனக்குக் கேவலமாகப் படுகிறது போல. நம் கடைக்கு வரும் சுமைதூக்கும் சங்கத்து நல்லமுத்துவிடம் இதைச் சொன்னேன், மனுஷன் விழுந்து விழுந்து சிரிக்கிறார். “எங்க சங்கத்துலயும் அப்பிடித்தாங்க்கா. மூத்த ஆளுகளுக்கு மல்லி மூடை, கடைசியா சேந்தவனுக்கு உப்பு மூடை. நானும் தோளு வெந்து கெடந்தவன்தான். அடுத்த ஆளு ஒருத்தன் வந்து சேந்துட்டா உப்பு அவன் தலைக்குப் போயிரும், பிள்ளையப் பயப்படாம இருக்கச் சொல்லுங்க” என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அப்பா மட்டும் நீ சொன்ன அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார். “நீள ரோட்டுல ஓட்டுறவதான் டிரைவரு, கடை கடையா நிப்பாட்டுறது பால்வண்டிக்காரன் சோலி” என்று இரண்டு நாளாக ஒரே பெருமை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நினைப்பெல்லாம் தூத்துக்குடி உப்பு லோடு ஓட்டிய காலத்திலேயே இருக்கிறது. எனக்கும் அப்படித்தான். லோடோடு போகும்போது வீட்டு வாசலில் நிறுத்தினால் ஓனர் சத்தம் போடுவார், அதனால் அப்பா வளைவிலேயே ஹாரன் அடிப்பார், நான் தூக்குவாளியோடு ரோட்டோரம் ஓடி வருவேன், வண்டி ஊரும்போது கிளீனர் கையை நீட்டிச் சோற்றை வாங்கிக்கொண்டு காலி வாளியைக் கொடுப்பான். அந்த ஒரு நிமிஷத்துக்காகத் தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு நிற்பேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். ஐந்து வயதில் நீ ஒருநாள் நான் அடுப்படியில் இருக்கும்போது ஹாரன் கேட்டு ஓடி, அப்பா லாரி மாதிரியே பச்சை நிறத்தில் வந்த நாமக்கல் லாரிக்காரனிடம் வாளியைக் கொடுத்துவிட்டாய். அன்றைக்கு அப்பா பட்டினி. அந்த மகராசன் திரும்பி வரும்போது வாளியைக் கழுவி, நிறைய முட்டை வைத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

நேற்று இதைச் சொல்லி நான் சிரித்துக்கொண்டிருந்தபோது அப்பா சிரிக்கவில்லை. அதே வருஷம் லாரி மதுரையில் பட்டறையில் கிடந்ததால் அவர் ஒருமுறை பஸ்ஸில் வந்து இறங்கினாராம், நீ என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, “அம்மா, யாரோ வந்துருக்காக” என்றாயாம். எனக்கு மறந்தே போய்விட்டது. “அதுக்குப் பெறகு நான் லாரி இல்லாம வீட்டுக்கு வந்தது கெடையாது சவுந்தரம், கவனிச்சியா? பிள்ளைக்கு என்னை அடையாளம் தெரியணும்ல” என்றார். அதற்குப் பிறகு வண்டி பட்டறையில் கிடந்த நாளெல்லாம் அதனடியிலேயே படுத்திருந்துவிட்டு, சரியான பிறகு ஓட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறார். பெண்டாட்டி பிள்ளையைவிட லாரிதான் பெரிசா என்று நான் அதற்காகச் சண்டை பிடித்திருக்கிறேன். நேற்று எனக்கு அழுகை தாங்கவில்லை, அவர் எழுந்து போய் ரொம்ப நேரம் முகம் கழுவினார்.

பேரனுக்குக் காதை மூடிக் குல்லா போடு. வண்டி ஓட்டும்போது ஒன்றுக்கு அடக்காதே, தூக்கம் வந்தால் ஓரங்கட்டு, எவன் என்ன சொன்னாலும் சரி. சம்பளம் குறைந்தால் குறைந்தபடி குடித்தனம் பண்ணிக்கொள்ளலாம், மாப்பிள்ளையும் இதற்கு வேறு சொல்ல மாட்டார். உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காத்துக்கொள்வாராக. வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே. அப்பா இப்போது என் தோளுக்குப் பின்னால் நின்று, “தெனம் வீட்டுக்கு வர்ற வேலையையே எடுக்கச் சொல்லு. நீ சொன்னதா எழுதாத, அப்பா சொன்னாகன்னு எழுது” என்கிறார். அப்பா சொன்னதாகவே எழுதிவிட்டேன்.

உன் அம்மா,
சவுந்தரம் தாவீதுராஜ்
பந்தல்குடி