வாய்க்காரனுக்குக் கைதட்டுகிறவர்கள்

மார்ச் 4, செவ்வாய்

உரிமப் பிரிவு கவுன்ட்டரில் இன்று நாற்பத்தொரு பேர். மூன்று பேர் சட்டையில், தேர்தலில் நிற்கிற வாய்க்காரனின் (பெயர் நான் வைத்தது) படம் போட்ட பேட்ஜைக் குத்தியிருந்தார்கள். அரசாங்கமே வேண்டாம் என்கிறவனை நெஞ்சில் குத்திக்கொண்டு அரசாங்கத்திடம் உரிமம் கேட்டு வரிசையில் நிற்கிறார்கள். ஐஸ்கிரீம் வண்டிக்காரரிடம் கேட்டே விட்டேன். “என்ன பண்றது மேடம், அவர் இன்னும் ஜெயிக்கலையே” என்றார். பின்னால் நின்றவர்களுக்கு ஒரே சிரிப்பு.

மார்ச் 6, வியாழன்

காலையில் டீயோடு டிவியில் வாய்க்காரன். “உங்களுக்கு நான் ஒண்ணும் தரமாட்டேன். வேலை வாங்கித் தரமாட்டேன், சலுகை தரமாட்டேன். உங்க வழியில நிக்கறவனை நகரச் சொல்வேன். அவ்வளவுதான்.” கூட்டம் எழுந்து நின்று தட்டுகிறது. எதற்கு? ஒன்றும் தரமாட்டேன் என்றதற்கா? இதுவரை வந்தவர்கள் தருகிறேன் என்று சொல்லித் தரவில்லை. இவன் தரமாட்டேன் என்கிறான், நிச்சயம் சொன்னபடி செய்வான் என்று நம்புகிறார்கள் போல.

“தப்பாவே பேசினாலும் மழுப்பாம பேசறார்ல” என்றார் என் கணவர். எங்கள் தெருமுனைக் குடிகாரரும் மழுப்பாமல்தான் பேசுகிறார். அவரை யாரும் தேர்தலில் நிறுத்தவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

தங்கை வீட்டில் சாப்பாடு. வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகள் ஏழு பேரைப் பகலில் அவள் வீட்டில் பார்த்துக்கொள்கிறாள். முறையாகச் செய்ய உரிமம் கேட்டாள். விண்ணப்பம் மூன்று முறை திரும்பிவிட்டது. திருப்பியவள் நான். குழந்தைகள் இருக்கும் அறைக்கு இரண்டாவது வாசல் வேண்டும், அவள் வீட்டில் இல்லை.

இந்த விதி சும்மா வந்ததில்லை. பத்து வருடத்துக்கு முன் இப்படியொரு வீட்டில் தீப்பிடித்தது. ஒரே வாசல். நான்கு குழந்தைகள். அந்தக் கோப்பில் பெயர்களைத் தட்டச்சு செய்தது நான்தான். வயதும் எழுத வேண்டியிருந்தது.

அதை அவளிடம் சொன்னேன். பருப்பைக் கடைந்துகொண்டே, “சரிக்கா” என்றாள். அந்தச் ‘சரி’ எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 15, சனி

எழுதித்தான் ஆற வேண்டும்.

மைதானத்தில் வாய்க்காரனின் கூட்டம். போனில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன் — அவன் அடுத்து என்ன உளறுவான் என்று பார்க்கத்தான். மேடையில் என் தங்கை! கையில் என் கடிதம். அதை அவன் வாங்கி, மந்திரம் ஓதுகிற மாதிரி இழுத்து இழுத்துப் படித்தான். “தங்கள் விண்ணப்பம் விதி பதினான்கின்கீழ் குறைபாடுடையதாகக் கருதப்பட்டு...” ஒவ்வொரு சொல்லுக்கும் கூட்டம் சிரித்தது. நான் எழுதிய சொற்கள். சரியான சொற்கள்.

கையெழுத்தையும் படித்தான். பிறகு கேட்டான்: “இந்தம்மா ஒரு தடவையாவது உங்க வீட்டுக்கு வந்து பாத்தாங்களா?”

அவள் கொஞ்சம் தயங்கினாள். “வருவாங்க. ஞாயித்துக்கிழமை சாப்பிட வருவாங்க. எங்க அக்காங்க அது.”

ஒரு நொடி அவனுக்கே வாய் அடைத்துவிட்டது. அப்புறம் மைதானமே சிரித்தது. என்னைப் பார்த்து. என் தங்கை சிரிக்கவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

அக்காவைச் சந்தியில் நிறுத்திட்டு இப்ப என்ன தலைகுனிவு?

மார்ச் 16, ஞாயிறு

அவள் போனை எடுக்கக்கூடாது என்றிருந்தேன். கூப்பிட்டால்தானே.

மார்ச் 17, திங்கள்

அலுவலகத்தில் மேலதிகாரி கூப்பிட்டு, “கவலைப்படாதீங்க, விதிப்படி நாம சரியாத்தான் இருக்கோம்” என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று விதி பதினான்கை முழுக்க எடுத்துப் படித்தேன்.

உட்பிரிவு ஐந்து: தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குள் தொடங்கும், உள்ளிருந்து திறக்கக்கூடிய கம்பியுள்ள அகலமான ஜன்னலை இரண்டாவது வாசலாகக் கொள்ளலாம்.

புதிதாகத் தெரிந்துகொண்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பொய். எனக்குத் தெரியும். பதவி உயர்வுத் தேர்வில் இதற்கு விடை எழுதியிருக்கிறேன். அவள் வீட்டு ஜன்னலும் தெரியும், சாப்பிட்டுவிட்டு அதில்தான் உட்காருவேன். பிறகு ஏன் சொல்லவில்லை? படிவத்தில் ‘இரண்டாவது வாசல் உண்டா’ என்றிருந்தது. அவள் ‘இல்லை’ என்று எழுதினாள். இல்லை என்றால் திருப்பு. கை பழகிவிட்டது. தங்கச்சிங்கறதுகூட அந்தக் கைக்குத் தெரியல.

மார்ச் 22, சனி

அளவு டேப்பை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். விண்ணப்பதாரர் ஒருவரின் வீட்டுக்கு நானாகப் போவது இதுதான் முதல் தடவை. ஜன்னல் போதுமான அகலம். கம்பியைக் கீல் வைத்துத் திறக்கிற மாதிரி மாற்றினால் போதும், கொல்லருக்கு அரை நாள் வேலை.

சொன்னதும் அவள் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். பிறகு, “இது முன்னாடியே தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“நீ கேக்கல.”

சொல்லும்போதே அசிங்கமாக இருந்தது.

நான் கேட்டேன்: “அந்த ஆள் பேசறதெல்லாம் நிஜமாவே நம்பறியா? எல்லாச் சட்டத்தையும் தூக்கிட்டா நாடு நடக்குமா?”

“அவர் பேசறதுல பாதி எனக்குப் புரியலக்கா. வரி, சந்தை, அதெல்லாம் என்னமோ. ஆனா உங்க ஆபீஸைப் பத்திப் பேசறப்ப அவருக்குப் பயமில்ல. உன் கவுன்ட்டர்ல நிக்கறப்ப எனக்குப் பயமா இருந்துச்சு. உன் தங்கச்சி, எனக்கே கை வேர்த்துச்சு. மத்தவங்களை நெனச்சுப் பாரு.”

டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 2, புதன்

அவள் உரிமத்தில் கையெழுத்திட்டேன். வாங்க வந்தவளின் பையில் வாய்க்காரன் பேட்ஜ்.

“இன்னுமா?”

“அவர் மேடையில படிக்கலன்னா நீ டேப்போட வந்திருப்பியா?”

வந்திருக்க மாட்டேன். அதுதான் எரிகிறது. அவனுக்கு அந்த நான்கு குழந்தைகளின் கோப்பு தெரியாது. தெரிந்தாலும் கவலைப்பட மாட்டான். அவன் வந்தால் விதி பதினான்கு போகும், யாரோ ஒருவர் ஒற்றை வாசல் அறையில் ஏழு குழந்தைகளை அடைப்பார். இதைச் சொன்னேன். “எங்க வீட்டு ஜன்னல் திறக்கும்” என்றாள். பக்கத்து வீட்டு ஜன்னல்? அதற்கு அவளிடம் பதில் இல்லை. கைதட்டுகிற யாரிடமும் இல்லை. அவன் எங்களைக் கேலி செய்கிற சுகத்துக்கு ஊரே தன் கூரையைப் பிரித்துக் கொடுக்கத் தயாராக இருக்கிறது.

அந்தச் சுகத்தை அவர்களுக்குச் சேர்த்து வைத்தது யார் என்று கேட்டால், ம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஓட்டுப் போட்டேன். அவனுக்கு இல்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஜெயித்துவிட்டான். சின்ன வித்தியாசத்தில்கூட இல்லை, வாரிச் சுருட்டிவிட்டான். எங்கள் பிரிவை எப்போது மூடுவார்கள் என்று அலுவலகத்தில் ஆளுக்கொரு தேதி சொல்கிறார்கள். வரிசை மட்டும் வழக்கம்போல வந்துவிட்டது.

முதலில் நின்றது ஒரு தையல்காரம்மா. வீட்டில் கடை வைக்க விண்ணப்பம். மூன்றாம் பக்கம் காலி. திருப்பத் தூக்கிய கையை நிறுத்திக்கொண்டு, “வாங்க, சேர்ந்தே எழுதிடலாம். உக்காருங்க” என்றேன்.

அந்தம்மா இடமும் வலமும் பார்த்தார். நானும் கவுன்ட்டர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் நாற்காலியே இல்லை. பதினாறு வருடமாக இருந்ததில்லை.

என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனேன்.