மூக்கில் இருப்பது கல்

12 மார்ச் 1946, செவ்வாய்.

என் மூக்கில் புழு இல்லை. ஊர் சொல்வது பொய். போன வாரம் மருமகள் பரளச்சியிலிருந்து அழைத்து வந்த புழு எடுக்கிறவன், மூக்கில் பச்சிலைச் சாறு விட்டு, துணியில் நெளியும் புழுக்களைக் காட்டினான். அவை அவன் துணியில் ஒளித்துக் கொண்டுவந்த சொத்தைக் கத்தரிக்காய்ப் புழுக்கள். "பாத்தீகளா அத்தை!" என்று அவள் ஓங்கரித்தாள். எனக்கும் குமட்டியது, அவன் நகத்து அழுக்கைப் பார்த்து.

இன்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வலது துவாரத்தில் கம்பியை விட்டார். டக்கென்று கல்லில் தட்டியது எனக்கே கேட்டது. "எதையோ சுத்திக் கல்லு வளந்திருக்கும்மா. எடுத்துட்டா நாத்தம் போயிரும்" என்றார்.

என் சளி நாறுகிறது. அதை மறுக்கவில்லை. ஆனால் வேதக்கோயிலில் அந்த நாற்றத்தைச் சொல்லி என்னைக் கடைசி வரிசைக்குத் தள்ளிய உபதேசியாருக்கு நாளை இப்படி எழுதுவேன்: கல்லை எடுத்த பின் முன்வரிசையில் என் இடம் எனக்கு உண்டா? எழுத்தில் பதில் தாருங்கள்.